ஏத்தம் வராத ஆறு

விருத்தாசலத்துக்கு வந்து இறங்கிய அன்று நான் செய்த முதல் காரியம், ஆறு நிரம்பட்டும் என்று காத்திருந்ததுதான்.

பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டு நடந்தபோது பாலம் வந்தது. மணிமுத்தாறு என்றார்கள். எட்டிப் பார்த்தேன். மணல். மணலுக்கு நடுவில் முள்ளுச்செடி. நடு ஆற்றில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் ஊரிலும் ஆறு அப்படித்தான். காலையில் வத்தம் என்றால் தண்ணீர் வடிந்து சேறும் மணலும் தெரியும். சாயங்காலம் ஏத்தம் வந்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி, கரை வரைக்கும் தளும்பும். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே பிறந்தவர்களுக்கு ஆறு என்பது தினமும் போய்விட்டுத் திரும்பி வருகிற ஒன்று.

வேலை கொடுப்பவரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் பாலத்துக்கு வந்தேன். மாடு மட்டும் போயிருந்தது. மணல் அப்படியே இருந்தது. பாலத்து முனையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்குப் பாப்பா காத்திருக்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"தண்ணிக்குண்ணே."

"குடிக்கவா?"

"இல்லண்ணே, ஆத்துத் தண்ணி. காலையில வத்தமா இருந்துச்சு. இன்னேரம் ஏறியிருக்கணுமே."

அவர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "ஏம்பா, இந்தப் பொண்ணு மணிமுத்தாறு சாயங்காலம் வந்துடும்ங்குது. டைமுக்கு வர அது என்னா டவுன் பஸ்ஸா?"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. "ஐப்பசியில வா பாப்பா. மழ பேஞ்சா வரும். இல்லன்னா அடுத்த ஐப்பசி," என்றார். முள்ளுச்செடி முளைத்திருந்ததைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர், "பாப்பா, பஸ்ஸு இன்னும் வரல!" என்று கத்துவார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அப்பா இறந்து சில மாதத்தில் இந்த ஊருக்கு வந்தேன். அப்பா எப்போதும் ஏத்தத்தோடுதான் கரைக்கு வருவார். அப்போதுதான் படகு முகத்துவாரத்தில் தட்டாமல் உள்ளே வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். படகைக் கட்டினார். காலைக் கரையில் வைத்து, "நெஞ்சு என்னமோ பண்ணுது," என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கடலில் போயிருந்தால் கடலைத் திட்டியிருப்போம். கரையில் போனவருக்கு யாரைத் திட்டுவது?

அதிலிருந்து அம்மா தினமும் ஏத்த நேரத்துக்கு முகத்துவாரத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். கேட்டால், "காத்து வாங்கறேன்," என்பாள். ஒவ்வொரு படகாக உள்ளே வரும். கடைசிப் படகும் வந்த பிறகு எழுந்து வருவாள். சோறு பாதி அப்படியே கிடக்கும். அந்த வீட்டில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. தெரிந்தவர் மூலமாக விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற இடத்தில் வேலை இருக்கிறது என்றதும் கிளம்பிவிட்டேன். இங்கே வந்த பிறகு அம்மாவையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள்.

"தண்ணி இல்லாத ஊர்ல மனுசன் எப்படிடீ இருப்பான்?"

"தண்ணி இருக்குதும்மா. சைக்கிள எடுத்தா போதும், தண்ணி ஓரமாவே போய்க்கிட்டிருக்கலாம்," என்று போனில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வரை நான் அங்கே பார்த்த தண்ணீர், குழாயில் வந்ததுதான்.

அம்மா விடவில்லை. "சரி. கார்த்திகையில வரேன். காட்டு. தண்ணி இருந்தா உங்கூட இருக்கறேன். இல்லன்னா நீ மூட்டையக் கட்டிக்கிட்டு எங்கூட வந்துடணும்," என்றாள்.

அப்படித்தான் நான் தண்ணீர் தேடி மிதிக்க ஆரம்பித்தேன்.

சைக்கிள் என்னுடையது இல்லை. நான் வாடகைக்கு இருந்த அறை ரசியா அக்கா வீட்டு மாடியில் இருந்தது. அவரும் என்னோடு அதே இடத்தில் வேலை செய்கிறார், பொம்மைக்கு வர்ணம் தீட்டுவார். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவருடைய பார் வைத்த கறுப்பு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போர்த்திக் கிடந்தது. வீடியோ காலில் வந்தால் அவர் முதலில் கேட்பது, "சைக்கிளுக்கு எண்ணெ போட்டியா?" என்பதுதான்.

"பொண்டாட்டி சாப்புட்டாளான்னு கேட்டதில்ல, சைக்கிளு குடிச்சிச்சான்னு கேக்குறாரு," என்று அக்கா சொல்வார். "எடுத்துட்டுப் போ கனகா. ஓட்டி ஓட்டி அது தேஞ்சாத்தான் இந்த மனுசன் ஊருக்குத் திரும்பி வருவாரு."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினேன். "சைக்கிள்ல போவ, தண்ணி ஓரமா நல்ல வழி இருந்தா சொல்லுங்க," என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டேன். ஒருத்தர் கேன் தண்ணீர் கம்பெனிக்கு வழி சொன்னார். இன்னொருவர் மண் வெட்டி எடுத்த பள்ளத்தைக் காட்டினார். அதில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. தட்டாம்பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. அழகுதான். ஆனால் ஓரமே இல்லை, கால் வைத்தால் நேராக உள்ளேதான். அம்மாவை அங்கே கூட்டிப்போனால் என்னைத்தான் தள்ளிவிடுவாள்.

எல்லோரும் ஒரே மாதிரி சொன்னது வெலிங்டன் ஏரி. திட்டக்குடிப் பக்கம். அவ்வளவு தூரம் மிதிக்கப் பயந்து, பிரைவேட் பஸ்ஸின் பின்பக்க ஏணியில் சைக்கிளை ஏற்றப் பார்த்தேன். கண்டக்டர் ஓடி வந்தார்.

"என்னாம்மா இது? அதுக்கும் டிக்கெட்டு போட்டா ஜன்னல் சீட்டு கேக்குமே!"

"நான் நின்னுக்கிட்டு வரேண்ணே. அத மட்டும் ஏத்துங்க."

எப்படியோ ஏற்றினார். ஏரியைப் பார்த்தபோது தண்ணீர் எங்கேயோ தூரத்தில் கோடு மாதிரி கிடந்தது. ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. ஆனாலும் அந்தக் கரை! நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. காற்று முதுகில் தள்ள, பெடலைத் தொடாமல் போனேன். பக்கத்திலேயே மங்களூர் என்று ஒரு ஊர், அங்கிருந்து வந்த ஒரு பெண் மக்காச்சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒன்று வாங்கித் தின்றேன். எங்கள் ஊரில் கடற்கரையில் தின்றால் உதட்டில் உப்பு தானாக ஒட்டும். இங்கே உப்புத் தனியாகத் தடவித் தந்தாள். அப்பா இறந்த பிறகு ஒரு பண்டத்தை முழுசாகத் தின்றது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்ததே என்று ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அது ஆகாது. தூரம். எட்டி நின்று பார்க்கிற தண்ணீர் அவளுக்குத் தண்ணீரே இல்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஓரம் ஓரமாகப் பிசிறு இருக்கும். காய்வதற்குள் ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் மூக்கு கரைந்துவிடும். குறைந்தால் விரிசல் விடும், சூளைக்குள் போனால் உடைந்துவிடும். வந்த புதிதில் எத்தனையோ பிள்ளையாருக்குத் தும்பிக்கையைக் கரைத்திருக்கிறேன். அப்புறம் கை பழகிவிட்டது. சின்ன வயதிலிருந்து மீனுக்குச் செதில் எடுத்த கை இது. ஐப்பசி வருவதற்குள் மூக்கும் விரலும் இருக்கிற நுணுக்கமான பொம்மைகளை எல்லாம் என்னிடம்தான் தள்ளினார்கள். எனக்கு அதில் பெருமை, மறைக்கவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. ஒரு நாள் காலையில் பாலத்தைத் தாண்டும்போது டீக்கடைக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்: "பாப்பா! உன் பஸ்ஸு வந்துடுச்சு!"

ஆறு ஓடியது. சிவப்பாக, நுரையோடு, மாடு படுத்திருந்த இடத்தின் மேலே ஓடியது. நான் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலைக்குத் தாமதமாகிப் போய்த் திட்டும் வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிறைய தூரம் மிதித்தேன். நெல் வயல், கரும்பு, பனை மரம், ஏரி மதகில் துணி துவைக்கிற பெண்கள் என்று கடந்து, பெலாந்துறை அணைக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். ஆற்றின் குறுக்கே கட்டிய கல்லைத் தாண்டித் தண்ணீர் வெள்ளை வேட்டி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு அக்கா கெண்டை மீனை மசாலா தடவிப் பொரித்து விற்றார்.

"இது மணிமுத்தாறாக்கா?"

"இது வெள்ளாறும்மா. அது கீழ கூடலையாத்தூருல வந்து இதுல சேரும்."

"அப்புறம் எங்க போவும்?"

"சேத்தியாத்தோப்பு, புவனகிரி, அப்புறம் பரங்கிப்பேட்டைக் கடலு. ஏன், நீயும் மெதந்துகிட்டே போவப்போறியா?"

எங்கள் வெள்ளாறு. பிறந்ததிலிருந்து அதன் கரையில் இருந்திருக்கிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் ஊரில் பார்த்தால் அது கடலிலிருந்து உள்ளே வருவது மாதிரித்தான் இருக்கும். விருத்தாசலத்துக்கு வரும்போது பஸ் அதன் பாலத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. நான் தூங்கிவிட்டிருக்கிறேன்.

திரும்பும்போது பெடலில் எழுந்து நின்று மிதித்தேன். ஆற்றையே நான்தான் வெட்டிவிட்டது மாதிரி ஒரு கர்வம். ரசியா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவிடம் போனில் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கட்டும்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். ஒரு பையில் துணி, இன்னொரு பையில் கருவாடு. ரசியா அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும், "வூடு நல்லாத்தான் இருக்குது. காத்துதான் வரல," என்றாள். அக்கா ஃபேனைப் போட்டார். "இது காத்தா? சுத்துது," என்றாள் அம்மா.

அவசரப்பட்டு அன்றைக்குச் சாயங்காலமே பாலத்துக்குக் கூட்டிப்போனேன். அதுதான் தப்பு. ஒரு வாரமாக மழை இல்லை. ஆறு வடிந்து, மணலுக்கு நடுவில் இரண்டு மூன்று வாய்க்காலாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தாள்.

"வத்தமா?" என்றாள். "ஏத்தம் எப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். "சரியாப் போச்சு! அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே டைம் டேபிளு!"

"என்னாவாம் அந்த ஆளுக்கு?" என்று அம்மா கேட்டாள். இங்கே ஏத்தம் கிடையாது, மழைத் தண்ணீர்தான் என்று சொன்னேன். அவள் ஆற்றை மறுபடியும் பார்த்துவிட்டு, "இதுக்காடி சைக்கிள்ல போய்க்கிட்டே இருக்கலாம்ன? முட்டி நனையாது போலருக்குதே," என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், எந்தப் பஸ்ஸில் ஊருக்குப் போகலாம் என்று விசாரித்தாள். "எனக்கு" என்று சொல்லவில்லை, "நமக்கு" என்றுதான் சொன்னாள். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவளை வேலை இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் ஒரு கிருஷ்ணர் பொம்மையின் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"மண்ணு பொம்மைக்கு மூஞ்சி கழுவி உடறதுதான் உன் வேலையா?"

"ஆமாம்மா."

"அத நல்லாத்தான் கழுவுற," என்றாள். அம்மா வாயிலிருந்து அப்படி வருவது பெரிசு.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பக்கத்தில், மதகில் பெண்கள் துணி துவைத்த அந்த ஏரிக்குக் கூட்டிப்போனேன். கேரியரில் தலையணையை வைத்துக் கட்டி அம்மாவை உட்கார வைத்தேன். போகும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஏரிக்குப் போகிற மண் பாதையில் இறங்கியதும் சைக்கிள் நின்றுவிட்டது. மிதித்தால் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால், பாதை மண் முழுக்க டயரில் ஒட்டிக்கொண்டு, மட்கார்டுக்குள் ஏறி அடைத்துவிட்டது. நான் தினமும் கையில் பிசைகிற அதே களிமண். குச்சியால் நோண்டினேன், நாலு அடி தள்ளினேன், மறுபடியும் அடைத்தது. செருப்பிலும் ஒட்டி, அம்மா ஒரு அடி உயரமாகிவிட்டாள்.

"எங்க ஊரு மணலு காலக் கழுவி உடும். இது கால வாங்கி வச்சிக்குதே!"

கடைசியில் நான் முன்சக்கரத்தையும் அம்மா பின்சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் வந்தோம். ஏரியைப் பார்க்கவே இல்லை. ரோட்டோரம் ஒரு வண்டியில் போண்டா வாங்கிக் கொடுத்தேன். மழையில் நனைந்து நின்று தின்றோம். அம்மா பாதி தின்றுவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். ஊரில் சோற்றை வைப்பது மாதிரியே. எனக்கு அழுகை வந்தது.

"நாளைக்கு ஒரு எடம் இருக்குதும்மா. அதையும் பாத்துடு. அதுக்கப்புறம் நீ சொன்ன மாதிரி," என்றேன்.

"பாக்கறேன், பாக்கறேன். மூட்டைய மட்டும் இன்னிக்கே கட்டி வை."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ரசியா அக்கா இட்லி கட்டிக்கொடுத்தார். "சைக்கிளு பத்திரம்னு சொல்லச் சொன்னாரு," என்றார். வானம் தெளிந்திருந்தது. தார் ரோட்டிலேயே போனேன். அம்மாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் மிதிப்பேன் என்று நானே நம்பவில்லை. மேட்டில் மூச்சு வாங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து, "உங்கப்பன் துடுப்புப் போட்டாலே இதவிட வேகமாப் போவான்," என்றாள். அவர் இறந்த பிறகு அவள் அப்பாவை வைத்துக் கிண்டல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். திரும்பினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று பயம்.

அணைக்கட்டில் தண்ணீர் குறையவில்லை. அன்றைக்குப் பார்த்த மாதிரியே கல்லைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. அம்மா சத்தத்தைக் கேட்டே கேரியரிலிருந்து இறங்கிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கி, கையில் அள்ளி வாயில் வைத்தாள்.

"உப்பே இல்ல."

"இது வெள்ளாறும்மா."

"எந்த வெள்ளாறு?"

"நம்ம வெள்ளாறுதான். இங்கேர்ந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி, அப்புறம் நம்ம வூடு. நீ வரும்போது பஸ்ஸுல தாண்டித்தான் வந்த. தூங்கியிருப்ப."

அம்மா நம்பவில்லை. மீன் பொரிக்கிற அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவரும் அதையே சொன்னார், மணிமுத்தாறும் கீழே இதில்தான் வந்து சேருகிறது என்றார். அதற்குப் பிறகு அம்மா தண்ணீர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொக்குகள் கல்லின் மேல் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"இது திரும்பாதா?"

"திரும்பாதும்மா. இங்க போவுறது மட்டுந்தான். ஏத்தமே கிடையாது."

அவள் படியில் உட்கார்ந்தாள். காலைத் தண்ணீரில் விட்டாள்.

"அப்ப இங்க உக்காந்தா, யாரு வராங்கன்னு பாத்துக்கிட்டிருக்க வேணாம்," என்றாள்.

காத்து வாங்கப் போகிறேன் என்றுதான் இதுவரை என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் சைக்கிள் செயினைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. "செயினு நல்லாத்தான் இருக்குது. வா, பசிக்குது," என்றாள்.

இட்லியையும் பொரித்த கெண்டையையும் தின்றோம். முதல் வாயில் அம்மா முகத்தைச் சுளித்தாள். "மண்ணு வாசன அடிக்குது. இதையெல்லாம் எங்க ஊர்ல பூனைக்குப் போடுவோம்."

"பூனைக்கு நாங்க மசாலா தடவறதில்லம்மா. குடுங்க, வேற ஆளு திம்பாங்க," என்று அந்த அக்கா தட்டுக்குக் கை நீட்டினார்.

அம்மா தட்டை நகர்த்திக்கொண்டு, முழுசாகத் தின்று, முள்ளை மட்டும் வைத்தாள். மீதி வைக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறாயா, போகிறோமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது பின் டயரில் முள் ஏறியிருந்தது. அந்தப் பக்கம் பஞ்சர் கடை கிடையாது. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, நெல் மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி நின்றது. "ஸ்ரீமுஷ்ணம் போறோம். அங்க கட இருக்குது, ஏறுங்க," என்றார் டிரைவர். சைக்கிள் மூட்டை மேல் படுத்துக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு நாங்களும் மூட்டை மேல் உட்கார்ந்தோம். இந்தச் செய்தி மட்டும் குவைத்துக்குப் போகக்கூடாது என்று ரசியா அக்காவிடம் பிறகு சொல்லிவைத்தேன்.

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கோபுரத்தைப் பார்த்தாள்.

"இது என்னா ஊருன்ன?"

"ஸ்ரீமுஷ்ணம்."

"பூவராக சாமி ஊரா? நம்ம சாமியா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் அவரை அப்படித்தான் சொல்வார்கள். மாசி மகத்துக்கு அவர் இங்கிருந்து கிளம்பி, எங்கள் பக்கம் கிள்ளைக்கு வந்து கடலில் தீர்த்தம் ஆடிவிட்டுப் போவார். வருஷா வருஷம் அப்பா அம்மாவைக் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு முன்னால் கூட்டிப்போவார். அவர் வருகிற ஊரைத்தான் எங்களுக்குத் தெரியும். இருக்கிற ஊரை நாங்கள் யோசித்ததே இல்லை.

நடை சாத்துவதற்கு முன் ஓடிப்போய்க் கும்பிட்டோம். சாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் வாங்கி அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். "இதுவும் மண்ணு வாசனதான்," என்றாள். ஆனால் சிரித்தாள்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கோபுரத்தையே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாமியே வருசத்துல ஒரு தடவதான் கடலுக்கு வருது. மிச்ச நாளெல்லாம் இங்கதானே இருக்குது."

அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து, எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலை சித்தியைக் கூப்பிடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். போட்டுக் கொடுத்தேன்.

"அஞ்சல, நாந்தான். ஆமா, நல்லாருக்கேன். தண்ணியா? ஏண்டி, நம்ம வெள்ளாறே இங்கேர்ந்துதாண்டி வருது! எம் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா. என்னைய சைக்கிள்ல வச்சி மிதிச்சிக்கிட்டு வந்து காட்டறா. உன் மவன் காருல உன்ன எங்க கூட்டிக்கிட்டுப் போனான், சொல்லு பாப்போம்?" அந்தப் பக்கம் சித்தி என்னவோ கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள்: "இல்ல, இப்ப வரல. என் வூட்டு வாசல்ல டெய்லி தண்ணி மட்டும் தெளிச்சி வை. மாசி மகத்துக்கு சாமி கெளம்பும்ல, அப்ப நானும் கெளம்பி வரேன்."

திரும்பி வரும் வழியில் மேடெல்லாம் எனக்கு மேடாகவே தெரியவில்லை. வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் மணி அடித்தேன், அவர்கள் ஒதுங்கியே போனாலும்.

பொழுது சாய்கிற நேரத்தில் பாலத்துக்கு வந்தோம். டீக்கடைக்காரர் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார். "என்னாம்மா, ஏத்தம் பாக்க வந்தீங்களா? உங்க ஆறு இன்னிக்கும் லேட்டுதான்!"

அம்மா கேரியரிலிருந்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, பெஞ்சில் நல்லா சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அது வர்ற ஆறு இல்லப்பா. எங்க ஊருக்குப் போற ஆறு," என்றாள். "நாங்கதான் இங்க வந்திருக்கோம். ரெண்டு டீ போடு."